கைக்குள் ஒரு கணினி – 11: ஐந்தாவது கால்

கேம் போயின் பூட்டைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். கார்ட்ரிஜ்ஜைச் செருகியதும் அதில் நின்டெண்டோவின் பெயர்ச் சின்னம் 48 பைட்டும் பிசகாமல் இருக்கிறதா என்று அந்தக் கருவி பார்க்கும். இல்லையென்றால் அப்படியே நின்றுவிடும். 1989இல் அவ்வளவு போதுமாயிருந்தது. பதினைந்து வருசம் கழித்து, 2004 டிசம்பர் 12ஆம் திகதி, சோனி கம்பனி ஜப்பானில் பிளேஸ்டேஷன் போர்ட்டபிளை இறக்கியது. நம் பையன்களுக்கு அது பி.எஸ்.பி. சோனியின் கையொப்பமுள்ள நிரல் மட்டுமே ஓடும், மற்றதெல்லாம் வாசலிலேயே திரும்பிவிடும் என்பது திட்டம்.

விளையாட்டுச் சாமான் என்றுதான் பெயர். உள்ளே இருந்தது ஒரு முழுக் கணினி: 333 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடிய செயலி, 32 மெகாபைட் நினைவகம், 480க்கு 272 புள்ளித் திரை, வைஃபை, மெமரி ஸ்டிக் செருகும் இடம், விளையாட்டுகளுக்கென்று யு.எம்.டி. என்ற குட்டித் தட்டு. 2005 மார்ச்சில் அமெரிக்காவில் அதன் விலை 250 டொலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 25,000 இலங்கை ரூபா. மலையகத்தில் 2006 டிசம்பர் வேலைநிறுத்தம் முடிந்து தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம், கொடுப்பனவெல்லாம் சேர்த்து, 260 ரூபாவுக்கு வந்ததை வைத்துக் கணக்குப் போட்டால் தொண்ணூறு நாள் பேருக்கு, அதாவது வேலைநாளுக்கு, மேலே போகும். அதற்கு மேல் ஒவ்வொரு விளையாட்டுத் தட்டுக்கும் இன்னும் நாலாயிரம் ஐயாயிரம். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் கொழும்பிலோ வளைகுடாவிலோ வேலைசெய்த யாராவது கையோடு கொண்டுவந்தால்தான் இந்தச் சாமானைக் கண்ணால் பார்க்க முடியும். அப்படி வந்த கருவியோடு ஒன்றோ இரண்டோ தட்டுத்தான் வந்திருக்கும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சோனி போட்ட பூட்டின் முதல் கதை கொஞ்சம் வெட்கக்கேடானது. ஜப்பானில் விற்ற முதல் கருவிகளில் இருந்த 1.00 ஃபர்ம்வேர் (கருவிக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) கையொப்பம் இல்லாத நிரலையும் மறுபேச்சில்லாமல் ஓடவிட்டது. அதாவது பூட்டைச் செய்துவிட்டுப் பூட்ட மறந்துவிட்டார்கள். 2005 மே மாதம் நெம் என்ற புனைபெயர்க்காரர் ஒருவர் அந்தக் கருவியில் தன் சொந்த நிரலை ஓட்டிக் காட்டினார். திரையில் ஒரு வணக்கம் சொல்லும் வரி, அவ்வளவுதான். நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். பின்னாலேயே ரின் என்ற எமுலேட்டர் வந்தது. பழைய கேம் போய் விளையாட்டுகள் சோனியின் திரையில் ஓடத் தொடங்கின.

அமெரிக்காவுக்குப் போன கருவிகளில் இருந்தது 1.50. அதில் அந்த ஓட்டையை அடைத்திருந்தார்கள். ஜூன் மாதத்தில் ஸ்பெயின் குழு ஒன்று அதற்கும் வழி கண்டுபிடித்தது. அந்த வழிக்கு இரண்டு மெமரி ஸ்டிக் தேவை. முதலாவதில் உள்ள கோப்பைக் கருவி பார்த்து, சரி என்று தலையாட்டும். ஓட்டத் தொடங்குவதற்கு முன் இருக்கிற கண நேரத்துக்குள் அதைப் பிடுங்கிவிட்டு மற்றதைச் செருக வேண்டும். பிந்தினால் மறுபடி முதலிலிருந்து. மெமரி ஸ்டிக் செருகும் வாய் என்னத்துக்கு ஆகும்? நல்லவேளை, சில நாளிலேயே கேஎக்ஸ்பிளாய்ட் என்ற முறை வந்து அந்த வித்தைக்கு வேலையில்லாமல் செய்தது. ஒரே ஸ்டிக்கில் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்; ஒன்றின் பெயருக்குப் பின்னால் ஒரு சதவீதக் குறி. சோதிப்பது ஒன்றை, ஓட்டுவது மற்றதை. சோனி பாடுபட்டுச் செய்த காவல் ஒரு சதவீதக் குறியில் தடுக்கி விழுந்தது.

இப்படித் திறந்த கதவுக்குள்ளே போய் அந்த ஆட்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லாமல் பூட்டு உடைத்த கதையை மட்டும் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. அதைத்தான் பெரும்பாலான இடங்களில் சொல்கிறார்கள். ஹோம்ப்ரூ என்று பெயர்பெற்ற அந்தச் சொந்தத் தயாரிப்பு மென்பொருள்களில் பல, விளையாட்டே கிடையாது. லுவா பிளேயர் என்று ஒன்று 2005இல் வந்தது. சின்ன ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்த பள்ளிக்கூடப் பையன்கூட அதை வைத்துப் பி.எஸ்.பி.க்கு நிரல் எழுதலாம்; பெரிய மென்பொருள் கருவியெல்லாம் வேண்டியதில்லை. புக்கர் என்று இன்னொன்று பி.டி.எஃப். கோப்புகளைத் திறந்து காட்டியது. பி.எஸ்.பி.யின் சொந்த மெனுவில் தமிழ் கிடையாது. பி.டி.எஃப். அப்படியில்லை, எழுத்துருவைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வரும். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்னாக்கும் நூலகம் திட்டம் தொடங்கியதும் அதே 2005இல்தான். சோனி தராத ஒரு வாசிப்பு வசதியை முகம் தெரியாத யாரோ ஒருவர் சும்மா எழுதிக் கொடுத்தார்.

இன்னொன்றும் உண்டு. 333 மெகாஹெர்ட்ஸ் ஓடக்கூடிய செயலியை, விளையாட்டுகள் 222க்கு மேல் ஓட்டாதபடி சோனி கட்டி வைத்திருந்தது. பெட்டரி சீக்கிரம் இறங்காமலிருக்க அப்படிச் செய்ததாகப் பலரும் விளங்கிக்கொண்டார்கள். ஹோம்ப்ரூ எழுதியவர்கள் முதல் வருசமே முழு வேகத்தையும் எடுத்துப் பயன்படுத்தினார்கள். சூப்பர் நின்டெண்டோ எமுலேட்டருக்கும், 2006இல் எக்ஸோஃபேஸ் எழுதிய கேம் போய் அட்வான்ஸ் எமுலேட்டருக்கும் அந்த வேகம் தேவைப்பட்டது. சோனி தன் விளையாட்டுகளுக்கு அதே வேகத்தை அவிழ்த்துவிட்டது 2007 நடுவில், 3.50 ஃபர்ம்வேரோடு.

அதற்குள் அப்டேட் யுத்தம் சூடுபிடித்துவிட்டது. 2005 ஜூலையில் வந்த 2.00இல் இணைய உலாவி இருந்தது. உலாவி வேண்டுமென்றால் அப்டேட் செய். அப்டேட் செய்தால் உன் எமுலேட்டர்கள் ஓடா. புதிய விளையாட்டுத் தட்டுகளும், போய் அப்டேட் செய்துவிட்டு வா என்று கட்டளை போட ஆரம்பித்தன. காசு கொடுத்து வாங்கிய சாமானில் நேற்றுவரை செய்த காரியத்தை இன்று செய்யவிடாமல் பண்ணும் உரிமை கம்பனிக்கு எங்கிருந்து வந்தது? அப்டேட் செய்யும்போது யாரும் வாசிக்காமல் அழுத்திவிட்டுப் போகிற உரிம ஒப்பந்தத்திலிருந்து. கருவி உன்னுடையது, உள்ளே உள்ள மென்பொருள் எங்களுடையது, அதை உனக்கு விற்கவில்லை, பாவிக்க விட்டிருக்கிறோம் என்பது அதன் சாரம்.

தோட்டத்து லயக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாலு தலைமுறையாக இருந்தாலும், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குப் பின்னால் தகரம் இறக்கி ஒரு குசினி போட வேண்டுமென்றால் துரையிடம் கேட்க வேண்டும். கேட்காமல் இறக்கினால் மறுநாள் ஆள் வந்து நிற்கும். குடியிருக்கலாம், கைவைக்கக் கூடாது. இந்த ஒப்பீட்டை நான் ரொம்ப தூரம் இழுக்கப் போவதில்லை. லயம் வாழ்க்கைப் பிரச்சினை, பி.எஸ்.பி. பொழுதுபோக்கு. ஆனாலும் ஹோம்ப்ரூக்காரர்களின் கோபத்தை வசதியான நாட்டுப் பையன்களின் பிடிவாதம் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

2.00 ஃபர்ம்வேரை உடைத்தது ஒரு படம். டிஃப் வகைப் படக்கோப்பு ஒன்றைத் திட்டமிட்டுக் கோணலாகச் செய்து, கருவியின் படம் பார்க்கும் பகுதியில் திறந்தால், நினைவகம் வழிந்து கட்டுப்பாடு கைக்கு வந்தது. 2005 செப்டம்பரில் அதை வைத்துப் பழைய 1.50க்கே திரும்பிப் போகச் செய்யும் நிரல் ஒன்றும் வெளியானது. சனம் ஆசையாய் இறக்கிக்கொண்டிருந்த அந்த நேரம் பார்த்து, ஒக்டோபரில், இதுவும் அதே மாதிரிச் சாமான்தான் என்று சொல்லிக்கொண்டு வேறொரு கோப்பு உலவியது. அதை ஓட்டியவர்களின் பி.எஸ்.பி.யில் முக்கியமான சிஸ்டம் கோப்புகள் அழிந்து, கருவி கல்லாகிப் போனது. சைமன்டெக் கம்பனி அதற்கு பி.எஸ்.பி. பிரிக் என்று பெயர் வைத்தது. விளையாட்டுக் கருவியைத் தாக்கிய முதல் ட்ரோஜன் அதுதான் என்று அப்போது செய்தி வந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் எல்லாம் ஒரே மாதிரி. 2005 கடைசியில் கிராண்ட் தெஃப்ட் ஓட்டோவின் லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ் விளையாட்டில், சேமித்த ஆட்டத்தைத் திறக்கும் இடத்தில் ஓட்டை. 2007 ஜூனில் லூமினஸ் என்ற கட்டை அடுக்கும் விளையாட்டில் ஓட்டை. இரண்டரை வருசம் பழைய அந்த லூமினஸ் தட்டு திடீரென்று கடைகளில் தேடுபொருளாகிவிட்டது. வாங்கியவர்களில் எத்தனை பேர் கட்டை அடுக்கினார்கள் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். ஒவ்வொரு ஓட்டைக்கும் சோனி ஒரு அப்டேட்டால் பதில் சொன்னது.

இந்த ஓட்டப்பந்தயத்தின் விதியை மாற்றியவர் டார்க் அலெக்ஸ் என்ற பெயரில் இயங்கிய ஒரு ஸ்பானிய நிரலாளர். அதுவரை உங்களுக்கு முன்னால் இருந்த வழி இரண்டு: பழைய ஃபர்ம்வேரில் சுதந்திரமாக இருப்பது, அல்லது புதியதில் அடைபட்டுக் கிடப்பது. 2006இல் அவர் சோனியின் புதிய ஃபர்ம்வேரையே எடுத்து, காவல் பகுதிகளை மட்டும் மாற்றி, கருவிக்குள் ஏற்றினார். ஒக்டோபரில் 2.71 எஸ்.இ., வருசக் கடைசியில் 3.02 ஓ.இ. உலாவியும் கிடைத்தது, எமுலேட்டரும் கிடைத்தது. வலது ஆர் பொத்தானை அழுத்திக்கொண்டு கருவியை எழுப்பினால் பழுது பார்க்கும் மெனுவே வந்தது. சோனி தன் வாடிக்கையாளருக்கு ஒருநாளும் கொடுக்காத மரியாதை அது. 2007 ஜூலையில் ஓ.இ. வரிசையை நிறுத்துவதாக அவர் அறிவித்தார். பின்னாலேயே எம்33 என்ற பெயரில் வரிசை தொடர்ந்தது.

அந்த நாட்களில் ஒரு பயம் மட்டும் எல்லோருக்கும் இருந்தது. ஃபர்ம்வேர் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலோ பெட்டரி இறங்கினாலோ கருவி செத்தது. மலையில் மழைக்காலக் கரண்ட் எப்படியிருக்கும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். செத்த கருவியை எழுப்ப சோனியின் பழுதுபார்ப்பு நிலையங்களால் மட்டுமே முடிந்தது. எப்படி எழுப்புகிறார்கள் என்ற கேள்விக்கு விடை 2007 ஓகஸ்ட்டில் வெளிவந்தது. இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகப் பிடித்த இடமும் அதுதான்.

பி.எஸ்.பி.யின் பெட்டரிக்குள் மின்கலம் மட்டும் இருக்கவில்லை. சின்னச் சுற்றுப்பலகை ஒன்றும், அதில் எட்டுக் கால் உள்ள ஒரு ஐ.சி.யும் இருந்தன. பெட்டரியின் தொடர் இலக்கம் அந்த ஐ.சி.யில்தான் எழுதப்பட்டிருக்கும். கருவி எழும்பும்போது முதல் வேலையாக அந்த இலக்கத்தை வாசிக்கும். சாதாரண இலக்கமென்றால் தன் உள்நினைவகத்திலிருந்து தொடங்கும். பதினறும இலக்கத்தில் எஃப் என்ற எழுத்து எட்டுத் தடவை வந்தால், வந்திருப்பது சோனியின் டெக்னீஷியன் என்று எடுத்துக்கொண்டு, உள்நினைவகத்தைத் திரும்பியும் பார்க்காமல் மெமரி ஸ்டிக்கிலிருந்து தொடங்கும். இவ்வளவு பெரிய அதிகாரத்தை ஒரு பெட்டரியின் இலக்கத்தை நம்பிக் கொடுத்திருந்தார்கள். பல நாடுகளைச் சேர்ந்த ஆட்கள் கூடி அதைக் கண்டுபிடித்து, பண்டோரா என்று பெயரிட்டு வெளியிட்டார்கள்.

ஏற்கெனவே திறந்த பி.எஸ்.பி. ஒன்று கையில் இருந்தால் மென்பொருளாலேயே அந்த இலக்கத்தை மாற்றி எழுதலாம். இல்லாதவர்களுக்குக் கைவேலை. பெட்டரியின் பிளாஸ்டிக் கூட்டின் மூட்டில் மெல்லிய பிளேட்டை நுழைத்து, மின்கலத்தில் படாமல் சுற்றிவர நெகிழ்த்த வேண்டும். பட்டால் புகையும். பலகை தெரிந்ததும், ஐ.சி.யின் ஐந்தாவது காலைத் தேட வேண்டும். ஊசி முனையை அந்தக் காலுக்கு அடியில் கொடுத்து நெம்பினால், ஈயப்பற்று விட்டு, கால் பலகையை விட்டுக் கொஞ்சம் உயரும். முறியக் கூடாது. உயர்ந்த கால் திரும்பவும் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். இலக்கத்தை வாசிக்கப் போகும் கருவிக்கு இப்போது வாசிக்க ஒன்றும் கிடைக்காது. ஒன்றுமில்லாத இடத்தில் அதற்குத் தெரிவது எட்டு எஃப். டெக்னீஷியன் வந்துவிட்டார்! போன் பழுது பார்க்கும் எந்தக் கடைப் பையனும் செய்யக்கூடிய வேலை. ஒருமுறை செய்துவைத்த ஒரு பெட்டரியும் தயார்செய்த ஒரு மெமரி ஸ்டிக்கும் இருந்தால், ஊரிலுள்ள எல்லாக் கருவிகளையும் ஒவ்வொன்றாகத் திறக்கலாம், செத்ததையும் எழுப்பலாம். 2007 செப்டம்பரில் வந்த மெல்லிய 2000 மாடலிலும் இது வேலை செய்தது.

இனி, எல்லோரும் முணுமுணுக்கும் விசயத்துக்கு வருவோம். திறந்த கதவு ஆள் பார்த்து உள்ளே விடுவதில்லை. டார்க் அலெக்ஸின் ஃபர்ம்வேர், யு.எம்.டி. தட்டின் பிரதியை மெமரி ஸ்டிக்கிலிருந்தே ஓட்டியது. தன் தட்டைத் தானே பிரதியெடுத்து வைத்துக்கொண்டவர்களும் உண்டு. எங்கள் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம்கூட, கணினி நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர் பாதுகாப்புக்காக ஒரு பிரதி எடுக்க இடம் தருகிறது. ஆனால் உண்மையைச் சொல்வதென்றால் ஓடியவற்றில் கனக்க, யாரோ இணையத்தில் ஏற்றி யாரோ இறக்கிய திருட்டுப் பிரதிகள். பி.எஸ்.பி.யைத் திருட்டு பாதிக்கிறது என்று சோனியின் அமெரிக்கப் பிரிவைச் சேர்ந்த பீட்டர் டில் 2009இல் வெளிப்படையாகவே குறைபட்டார். அவர் சொன்னதில் பொய்யில்லை. விளையாட்டை எழுதியவனுக்கும் அடுப்பு எரிய வேண்டும். தொண்ணூறு நாள் பேருக்குக் கருவி வாங்கியவன் தட்டு வாங்கக் காசில்லாமல் இறக்கிக்கொண்டதை நான் குற்றப்பத்திரிகை எழுதிக் கண்டிக்க மாட்டேன். அதை உரிமைப் போராட்டம் என்று பாராட்டவும் மாட்டேன். கதவு திறந்ததையும் உள்ளே போய் எடுத்ததையும் ஒரே கணக்கில் எழுதுவதுதான் தப்பு.

எமுலேட்டர் என்றாலே களவு என்று பேசுகிறவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். முதல் பிளேஸ்டேஷனின் விளையாட்டுகளை மெக் கணினியில் ஓட்டும் எமுலேட்டர் ஒன்றைக் கனெக்டிக்ஸ் கம்பனி விற்றது. சோனி வழக்குப் போட்டது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் நின்றது. சோனி என்ன செய்தது? 2001இல் அந்த எமுலேட்டரையே விலைக்கு வாங்கி மூடிவிட்டது. பிறகு, 2006 நவம்பரில் 3.00 ஃபர்ம்வேரோடு பி.எஸ்.பி.க்கு ஒரு பிளேஸ்டேஷன் எமுலேட்டரைத் தானே கொடுத்தது, ஆனால் தான் இணையத்தில் விற்கும் விளையாட்டுகளுக்கு மட்டும். சில வாரங்களிலேயே டார்க் அலெக்ஸ் அந்த எமுலேட்டரிலேயே, பயனர் தன்னிடமுள்ள பழைய தட்டுகளை மாற்றி ஓட்ட வழி செய்துவிட்டார்.

2008 ஒக்டோபரில் வந்த 3000 மாடல் பண்டோரா பெட்டரிக்கு அசையவில்லை. அடுத்த மே மாதம் சிக்கன் என்ற பெயரில் ஒரு வழி வந்தது; கோழிக்குஞ்சு முட்டைக்குள்ளிருந்துதான் வர வேண்டும் என்று அதற்கான படக்கோப்புகளுக்கும் முட்டை என்றே பெயர். உள்ளே பார்த்தால் மறுபடி டிஃப் படம், மறுபடி நினைவக வழிதல். நாலு வருசத்துக்கு முன் விழுந்த குழி. 2010இல் பட்டாபோன் 2 விளையாட்டின் இலவச முன்னோட்டத்தை வைத்து ஹாஃப் பைட் லோடர் வந்தது. கடைசி அடி பி.எஸ்.பி.யின் பக்கமிருந்து வரவேயில்லை. 2010 டிசம்பரில் ஜேர்மனியில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் ஃபெயில் ஓவர்ஃப்ளோ குழு, பிளேஸ்டேஷன் 3இன் கையொப்ப முறையில் சோனி ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டிய ஓர் எண்ணை மாற்றாமலே வைத்திருந்ததை அம்பலப்படுத்தியது. பெரிய கருவி திறந்ததும் அதற்குள்ளிருந்து சின்னக் கருவியின் சாவிகளும் கிடைத்தன. 2011 தொடக்கத்திலிருந்து ஹோம்ப்ரூ நிரலுக்கு யாரும் சோனியின் கையொப்பத்தையே போட்டுக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. இதன் தொடர்பில் சோனி ஜோர்ஜ் ஹொட்ஸ் என்ற இளைஞர்மேல் வழக்குப் போட்டு, பிறகு சமரசமாகிக்கொண்டதை ஏப்ரலில் அறிவித்தது. அதைத் தனி அத்தியாயமாக எழுதுவேன்.

பி.எஸ்.பி.யின் கதையில் ஒன்று பாக்கி. சோனியின் சிஸ்டத்தில் ஒவ்வொரு செயற்கூறுக்கும் ஒரு பெயர் உண்டு. ஆனால் கருவிக்குள் பெயர் இருக்காது. பெயரை ஷா-1 என்ற கணக்கில் அரைத்து, வருவதன் முதல் நாலு பைட்டை மட்டும் எண்ணாக வைத்திருந்தார்கள். எண்ணிலிருந்து பெயருக்குத் திரும்பிப் போக முடியாது. ஹோம்ப்ரூக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பெயர்களை ஊகித்தார்கள். பெரும்பாலான பெயர்கள் எஸ்.சி.இ. என்று தொடங்கும் என்பது தெரியும். அதோடு திரை, காத்திரு, தொடங்கு மாதிரியான ஆங்கிலச் சொற்களைக் கோர்த்து, அரைத்து, எண் பொருந்துகிறதா என்று பார்த்தார்கள். பொருந்தாவிட்டால் அடுத்த சொல். இப்படியே ஆயிரக்கணக்கில் பெயர் மீட்டு, எது என்ன வேலை செய்கிறது என்று பட்டியல் எழுதி, எல்லோருக்கும் பொதுவில் வைத்தார்கள். சம்பளமில்லாத வேலை.

2012 நவம்பரில் ஹென்ரிக் ரிட்கோர்ட் என்ற சுவீடன்காரர் பி.பி.எஸ்.எஸ்.பி.பி. எமுலேட்டரை வெளியிட்டபோது அந்தப் பட்டியல்கள் அடித்தளமாக இருந்தன. சோனியின் ஒரு கோப்புகூட அதற்குத் தேவையில்லை. சிஸ்டம் செய்யும் வேலையை அதுவே எழுதி வைத்திருக்கிறது. 2014இல் சோனி பி.எஸ்.பி.யை அனுப்புவதை நிறுத்தியது. மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ இன்று ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போனில் பையன்கள் ஓட்டும் கார்ப் பந்தயங்களிலும் குத்துச்சண்டைகளிலும் பல பி.எஸ்.பி. விளையாட்டுகள். அந்தக் கருவியைக் கையில் தொட்டே இராதவர்கள் அவர்கள். அப்பிள் மட்டும் 2024 ஏப்ரல் வரை எமுலேட்டர்களைத் தன் கடைக்குள் விடவில்லை. விதியைத் தளர்த்தியதும் மே மாதமே பி.பி.எஸ்.எஸ்.பி.பி. அங்கேயும் வந்தது.

அடுத்த இதழில் நின்டெண்டோ டி.எஸ்.: தபால் முத்திரை அளவு கார்ட், ஆர்4 என்ற சீனச் சாமான், அதை எதிர்த்து நின்டெண்டோ நாடு நாடாகப் போட்ட வழக்குகள்.